சூலையை அனுப்பியது யார்?

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பயிற்சி எடுக்கும் ஜொகூர்ப் பிள்ளைகள் என்றாவது ஒருநாள் அப்பரின் முதல் பதிகத்துக்கு வந்து சேர்கிறார்கள். கொல்லிப் பண், பத்துப் பாட்டு. ஆசிரியர் தாளம் தட்டுவார், பிள்ளைகள் உச்சரிப்பைத் திருத்திக்கொள்வார்கள். பாடிக்கொண்டிருப்பது வலியில் துடித்த ஒருவரின் கதறல் என்பது அந்த வயதில் உறைக்காது. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று வயிற்றுக்குள் புகுந்து, குடலைப் பற்றிக்கொண்டு, தன்னை முடக்கிப் போடுவதாக அப்பர் முறையிடுகிறார். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எழுந்து நடமாட முடிகிறதா என்று அவசரப் பிரிவு மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது.

பதிகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் துன்பம் வருவதற்குத் தாம் என்ன கொடுமை செய்தோம் என்று தமக்கே தெரியவில்லை என்கிறார். சைவத்தை விட்டுச் சமணத்தில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர், தன் குற்றம் இன்னதென்று சட்டென்று சொல்லியிருக்கலாம். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். முதல் பாட்டில் அவர் அதைச் சொல்லவில்லை.

கதை தெரிந்ததுதான். 7-ஆம் நூற்றாண்டு. பண்ணுருட்டிக்கு அருகில் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மருணீக்கியார்தான் பின்னாளில் அப்பர்; இளமையில் பெற்றோரை இழந்தவர். தமக்கை திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். தம்பிக்காகவே உயிர் தரித்த அந்தப் பெண்ணை விட்டு மருணீக்கியார் சமணத் துறவியானார். இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியில் இருந்த பாடலிபுத்திரப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரில் தலைமை பெற்றார். திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் கோயில் வாசலைக் கூட்டி மெழுகி, தம்பியை மீட்டுத் தரும்படி வேண்டினார். சூலை கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் வந்து சொன்னான். சொன்னபடியே தருமசேனரின் வயிற்றில் நோய் மூண்டது.

12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இதை எழுதிய சேக்கிழார், நோய் வரலாற்றை மருத்துவக் குறிப்பேடு போல வரிசைப்படுத்துகிறார். வடவைத் தீயும் நஞ்சும் வச்சிரமும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற வலி குடலைக் குடைகிறது. முதலில் நோயாளி தனக்குத் தெரிந்த வித்தைகளைத் தானே செய்து பார்க்கிறார். வலி ஏறுகிறது. பிறகு மற்றத் துறவிகள் கூடுகிறார்கள். குண்டிகை நீரை மந்திரித்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள், மயிற்பீலியால் தடவுகிறார்கள். வலி இன்னும் ஏறுகிறது. கடைசியில், இப்படி ஒரு சூலையை நாம் முன்பு கண்டதே இல்லை, இனி என்ன செய்வது என்று கையைப் பிசைகிறார்கள். அரிய நோயின் முன் நிற்கும் எந்த மருத்துவக் குழுவும் உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அது. சேக்கிழார் அதை எள்ளலாகவே எழுதியிருக்கிறார், ஆனால் அந்தத் துறவிகள் நேர்மையாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

சமையற்காரன் வழியாகத் தமக்கைக்குச் செய்தி போகிறது. சமணப் பள்ளிக்குள் தான் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிடுகிறார். தருமசேனர் பாயுடை, குண்டிகை, பீலி மூன்றையும் விட்டு, வெள்ளை உடுத்தி, இரவோடு இரவாக இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து திருவதிகை சேர்கிறார். திலகவதியார் திருநீறு தருகிறார். பதிகம் பிறக்கிறது, சூலை தீர்கிறது.

பக்தருக்கு இது அருள் வரலாறு. சற்று விலகி நின்று படிப்பவருக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவனைத் தன் பக்கம் இழுக்கக் கடவுள் அவன் குடலைத் திருகுவானா? திருகுவான் என்றால், மருத்துவமனைக் கட்டிலில் சுருண்டு கிடக்கும் ஒவ்வொருவரின் வயிற்றிலும் ஏதோ ஒரு செய்தி எழுதி அனுப்பப்பட்டிருக்கிறதா?

ஜொகூரில் இது ஏட்டுக் கேள்வியாக இல்லை. வயிற்று வலி வந்தால் முதலில் வரும் பேச்சு ‘கேஸ்ட்ரிக்’. அல்லது ‘காத்து அடைச்சிருக்கு’. தொப்புளைச் சுற்றி எண்ணெய் தடவி, ஓமம் கொதிக்க வைத்து, கடையில் வாங்கிய வெள்ளைத் திரவ மருந்தைக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது, அதுதான் ஆபத்து. மூன்றாம் முறை, நான்காம் முறை வலி வரும்போது பேச்சு மாறுகிறது. யாரோ கண் வைத்துவிட்டார்கள், குலசாமிக்குச் செலுத்த வேண்டியது பாக்கி, முனியாண்டிக்குக் கொடுத்த வாக்கு மறந்துபோயிற்று, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள். தோட்டத்து லயங்களில் பிறந்து குளுவாங், கூலாய், உலு திராம் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பின்பும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. படித்த குடும்பமாக இருந்தால் ‘எந்தப் பிறவிப் பாவமோ’ என்று கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள். பொருள் ஒன்றுதான்.

பிறகு ஒரு நடுராத்திரி, ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி நிற்கும் சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ மாநிலத்தின் வேறோர் அரசு மருத்துவமனைக்கோ கார் பறக்கிறது. அங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். அங்கு கேட்கப்படும் முதல் கேள்வி பாவத்தைப் பற்றியதாக இருக்காது. இது கத்தி தேவைப்படும் வயிறா, மருந்தால் ஆறும் வயிறா என்பதே முதல் கேள்வி. கடுமையான வயிற்று வலியைப் பற்றிய செவ்வியல் நூலை 1921-இல் எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் சக்கரி கோப், அதுவரை நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று வந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் கடும் வலியைப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை சார்ந்ததாகக் கருதவேண்டும் என்று கற்பித்தார். நூறாண்டு கழிந்தும் மாணவர்கள் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். வலியில் புரளுகிறவருக்குக் கல்லடைப்பாக இருக்கலாம். அசைந்தாலே உயிர் போகிறது என்று விறைத்துக் கிடப்பவருக்கு வயிற்று உறை அழற்சி கண்டிருக்கலாம். இப்படிப் பார்வையிலேயே பாதி தெரியும்.

குடல்வால், பித்தப்பைக் கல், புண் ஓட்டை, கணைய அழற்சி, குடல் அடைப்பு, கருக்குழாயில் தங்கிய கரு. வழக்கமான சந்தேகங்கள் இவை. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். எல்லாம் பார்த்தும் ஒன்றும் அகப்படாதபோதுதான் கதை தொடங்குகிறது.

போர்பிரியா என்றொரு நோய்க் குடும்பம். அதில் ஒன்று, இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளை உடல் தயாரிக்கும் வழியில் ஒரு நொதி குறைவதால் வருவது. மரபணுவில் குறை இருந்தும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் நேராது. சிலருக்கு மட்டும் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, வாந்தி, மலச்சிக்கல், படபடப்பு, சில வேளை கைகால் தளர்ச்சி, மனக் குழப்பம். வலி அவ்வளவு இருந்தும் கை வைத்துப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. குடல்வாலை எடுத்தாயிற்று, பித்தப்பையை எடுத்தாயிற்று, வலி நிற்கவில்லை என்று வந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய. பெண்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்த பட்டம் ‘ஹிஸ்டீரியா’.

நோயைக் காட்டிக்கொடுப்பது சிறுநீர். வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் அது செந்நிறமாகக் கருக்கும். வலி இருக்கும் நேரத்தில் எடுத்த சிறுநீரை ஒளி படாமல் மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, போர்போபிலினோஜன் என்ற பொருளின் அளவைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். யாராவது ஒருவருக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். சிகிச்சையும் உண்டு. குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், ஹீமின் மருந்தை நரம்பில் செலுத்துகிறார்கள், நோயைத் தூண்டும் மருந்துகளை நிறுத்துகிறார்கள். தூண்டுபவற்றில் பட்டினியும் ஒன்று.

இந்த இடத்தில் ஆசை எழும். உபவாசம் மிகுந்த சமணத் துறவு வாழ்க்கை, திடீரென்று மூண்ட வயிற்று வலி, அதுவரை யாரும் கண்டறியாத நோய்: அப்பருக்கு வந்தது போர்பிரியாதானோ? ஆசையை அடக்குவது நல்லது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பைத்தியத்துக்குக் காரணம் போர்பிரியா என்று ஐடா மெக்கால்பைன், ரிச்சர்ட் ஹன்டர் என்ற தாயும் மகனும் 1966-இல் எழுதினார்கள். இருவரும் மனநல மருத்துவர்கள். உலகம் நம்பியது, நாடகமும் திரைப்படமும் வந்தன. பிறகு ஆவணங்களைத் திரும்பப் புரட்டியவர்கள் அதை வலுவாக மறுத்தார்கள். இருநூறாண்டுக்கு முந்தைய அரசருக்கே இந்தக் கதி. ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட புராணத்தை வைத்துக்கொண்டு நாயனாருக்கு நோய் கண்டுபிடிப்பது பொழுதுபோக்குக்கு மட்டுமே உதவும்.

ஹிஸ்டீரியா என்ற அந்தப் பட்டத்தை மட்டும் அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. காரணம் தெரியாத வலிக்கு முன்னால் பூசாரி ‘உன் கர்மம்’ என்றார், வெள்ளை அங்கி போட்டவர் ‘உன் மனசு’ என்றார். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். தங்களுக்குத் தெரியாததை நோயாளியின் கணக்கில் எழுதினார்கள்.

மருத்துவத்துக்கும் ஒரு வலித் தத்துவம் இருந்தது. காரணம் தெரியும்வரை வயிற்று வலிக்காரருக்கு மார்ஃபின் கொடுக்காதே என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. வலி ஏதோ சொல்ல வருகிறது, அதன் வாயை அடைத்துவிட்டால் நோய் மறைந்துகொள்ளும் என்பது வாதம். கோப்பின் நூலே அந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தது. ஆகவே நோயாளி கதறிக்கொண்டே மூத்த மருத்துவர் வரும்வரை காத்திருந்தார். பிற்காலத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். வலியைக் குறைத்த பிறகும் நோயைக் கண்டுபிடிப்பதில் குறிப்பிடத்தக்க தவறு கூடவில்லை. துடிப்பு அடங்கிய நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதும் எளிதாயிற்று. இன்று முதலிலேயே வலி நிவாரணி கொடுக்கிறார்கள். வலியைச் செய்தியாகப் போற்றுவது, செய்தியைப் படிக்கும் பொறுப்பில் இருப்பவருக்குச் சுலபம். சுமப்பவர் வேறொருவர்.

சைவ சித்தாந்தம் இந்தச் சிக்கலை அறியாததல்ல. இறைவனின் கருணையை அறக்கருணை, மறக்கருணை என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் மரபு அது. 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் மருத்துவரையே சாட்சிக்கு அழைக்கிறார். சில நோயை மருத்துவன் அறுத்தும் கீறியும் தீர்க்கிறான், சிலவற்றைப் பாலும் கட்டியும் போன்ற இனிய பொருள்களைக் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான். இறைவனும் அப்படியே இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி உயிரின் வினையை அறுக்கிறான் என்கிறார். கத்தியா மருந்தா என்ற அவசரப் பிரிவின் கேள்வி ஒரு சமய நூலுக்குள் எழுநூறு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த உவமையைக் கவனமாகப் படிக்க வேண்டும். துன்பம் வினையை அறுக்கும் என்று பாதியை எடுத்துக்கொண்டு, அதனால் துன்பத்தை அப்படியே விட்டுவிடு என்று முடிப்பவர்கள் உண்டு. அருணந்தியின் மருத்துவன் நோயைப் போக்கத்தான் கீறுகிறான். கீறல் அவன் நோக்கம் ஆகாது. மனித மருத்துவன் செய்வது நல்ல காரியம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் அந்த உவமையே நிற்கும். மருத்துவமனைக்குப் போவது விதியோடு மல்லுக்கட்டுவது என்று நினைக்கிறவர் சித்தியாரைத் துணைக்கு அழைக்க முடியாது. திருக்குறளிலும் ஊழ் ஓர் அதிகாரம், மருந்து ஓர் அதிகாரம். இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான்.

பெரியபுராணத்தில் இன்னொரு சூலை நோயாளி இருக்கிறார். அப்பரைத் தெரிந்த அளவுக்கு இவரை யாரும் நினைப்பதில்லை.

திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காம நாயனார். திருவாரூரில் பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் சிவபெருமானையே இரவில் தூது அனுப்பினார் என்று கேள்விப்பட்டு இவர் கொதித்துப் போகிறார். ஆண்டவனை ஏவல் கொள்வதா? அந்த முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறார். இருவரையும் சேர்த்துவைக்க நினைத்த இறைவன் கலிக்காமருக்குச் சூலை தருகிறான். தந்துவிட்டு, வன்றொண்டனாகிய சுந்தரன் வந்தால்தான் இது தீரும் என்றும் சொல்லிவிடுகிறான். நோயை அனுப்பியவனே மருத்துவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தாயிற்று.

கலிக்காமர் மறுக்கிறார். வழிவழியாக உன்னையே தொழுத குடியில் வந்தவன் நான், அவன் வந்து என் நோயைத் தீர்ப்பதைவிட இது என்னை வருத்துவதே மேல் என்கிறார். சுந்தரர் புறப்பட்டுவிட்டார் என்று தெரிந்ததும் தம் வயிற்றையே கிழித்துக்கொண்டு மாள்கிறார். வந்தவரிடம் கணவர் உறங்குவதாக மனைவி ஏவலாளர் மூலம் சொல்லவைக்கிறார். சுந்தரர் வற்புறுத்திப் பார்க்கிறார், குடல் சரிந்து கிடக்கும் உடலைக் காண்கிறார், தாமும் வாளை எடுக்கிறார். இறையருளால் கலிக்காமர் உயிர்த்தெழுந்து அந்த வாளைப் பிடித்து நிறுத்துகிறார். அதன்பின் இருவரும் நண்பர்கள்.

நோயாளி சாகும்வரை பிடிவாதம் பிடித்தது நல்ல காரியம் என்று இந்தக் கதையை வைத்து யாரும் சொல்லிவிடக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு. தன் வலிக்குக் கடவுளே கொடுத்த விளக்கத்தையும் ஒரு மனிதன் ஏற்க மறுத்தான். அப்படி மறுத்தவனைச் சேக்கிழார் அறுபத்து மூவரிலிருந்து தள்ளிவைக்கவில்லை. இறைவனும் தண்டிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று ‘இது உனக்கு ஒரு பாடம்’ என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்குச் சைவத்தின் தலையாய நூலிலிருந்து இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

அப்பரையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்கலாம். தம்பி காலில் விழுந்தபோது திலகவதியார் இதை இறைவன் அருள் என்றார். தண்டனை என்று சொல்லவில்லை.  தான் கண்ட கனவை வைத்துத் தம்பியைக் குற்றவாளியாக்கும் வாய்ப்பு அவரிடம் முழுதாக இருந்தது. அவரோ கையில் திருநீறு கொடுத்து, இனி பணி செய் என்றார். வலிக்கு என்ன பொருள் என்பதைப் பதிகத்தில் பாடியவர் வலித்தவர்தான். அந்த உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. நோய் தீர்ந்து வீடு திரும்பிய ஜொகூர்க்காரர் ஒருவர், ‘அந்த வலிதான் என்னைத் திருத்தியது’ என்று சொல்லித் தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தால் அதில் யாரும் குறை காண முடியாது. அதே வாக்கியத்தை, வலி தீராமல் கிடக்கும் இன்னொருவரிடம் போய் அவர் சொன்னால் அது கொடுமை.

சமணர்களுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். புராணம் அவர்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டினாலும், உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் நான்கு தானங்களில் ஒன்றாக வைத்தது அவர்கள் மரபு. வினைக் கொள்கையில் அவர்களைவிடக் கண்டிப்பானவர்கள் இல்லை. அவர்களும் நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள்.

பௌத்தம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. மோலியசீவகன் என்ற துறவி, மனிதன் அனுபவிப்பதெல்லாம் பழவினையால்தானா என்று புத்தரிடம் கேட்கிறான். சில வேதனை பித்தத்தால், சில கபத்தால், சில வாதத்தால், சில இவை கலப்பதால், சில பருவ மாற்றத்தால், சில தன் கவனக்குறைவால், சில பிறர் தாக்குவதால், சில வினையால் என்று புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். எல்லாமே பழவினை என்பவர்கள் உலகம் அறிந்ததைத் தாண்டிப் போகிறார்கள் என்கிறார். எட்டில் ஒன்றுதான் வினை. மற்ற ஏழையும் முதலில் தேடு என்று அதற்குப் பொருள் கொள்வதில் பிழை இல்லை.

கவனக்குறைவு என்ற ஆறாம் காரணம் ஜொகூரில் பொட்டலத்தில் விற்கப்படுகிறது. மூட்டு வலிக்கு, உடல் அசதிக்கு, பசி எடுக்க என்று பெயர் தெரியாத மாத்திரையும் ஜாமு என்ற மூலிகை மருந்தும் கைமாறுகின்றன. ‘மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது’ என்பார்கள். இத்தகைய சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலக்கப்படுவதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் தலைமேல் உள்ள அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். பொட்டலம் தீர்ந்து, அல்லது ஊருக்குப் போன இடத்தில் மறந்து, திடீரென்று நிறுத்தினால் வயிற்று வலியும் வாந்தியும் வந்து, இரத்த அழுத்தம் இறங்கி, ஆள் மயங்கி விழுவார். வெளியிலிருந்து பார்க்க அறுவை சிகிச்சை கேட்கும் வயிறு போலவே தோன்றும். அவருக்கு உடனே தேவைப்படுவது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் நரம்பு வழியே உப்பு நீரும். அந்தப் பொட்டலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்காவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றவே நேரம் பிடிக்கும்.

ஈயம் இன்னொன்று. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களை வாட்டிய கொடிய வயிற்று வலிக்குக் காரணம், பிழியும் இயந்திரங்களில் இருந்த ஈயம் என்று ஜார்ஜ் பேக்கர் 1767-இல் காட்டினார். அதற்கு முன் அதற்கும் பல விளக்கங்கள் இருந்தன. நம் பக்கத்தில் ஈயம் வரும் வழிகளில் ஒன்று, முறையாகத் தயாரிக்கப்படாத பற்பமும் செந்தூரமும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முறையான சித்த மருத்துவரை இதில் இழுக்க வேண்டியதில்லை. மலேசியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, மருந்துகளுக்குப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் உண்டு. அவை இல்லாத சரக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அரிதே அல்லாத ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். சர்க்கரை கட்டுமீறி இரத்தம் அமிலமாகும்போது முதலில் வருவது வாந்தியும் வயிற்று வலியுமாக இருக்கலாம். மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும். இவர்களில் எத்தனை பேர் ‘கேஸ்ட்ரிக்’ என்று படுத்துக் கிடக்கிறார்களோ.

எல்லா அரிய காரணமும் இப்படிப் பயமுறுத்துவதில்லை. வயிற்றின் மேல்தசைக்குள் ஒரு சிறு நரம்பு மாட்டிக்கொள்வதால் மாதக்கணக்கில் வலிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் மேல் ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தல், எல்லாம் சுத்தம் என்று தாள் வரும். 1926-இல் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதிவைத்த சோதனைக்குக் கருவியே தேவையில்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தி, தலையை மட்டும் மெதுவாகத் தூக்கச் சொல்ல வேண்டும். உள்ளுறுப்பு வலி என்றால் இறுகிய தசை காத்துக்கொள்ளும், வலி குறையும். தசையிலோ நரம்பிலோ வலி என்றால் கூடும். கூடினால், அந்த இடத்தில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் போட்டதும் சிலருக்கு மேசையை விட்டு இறங்கும் முன்பே வலி போய்விடும். பார்ப்பவர்களுக்கு அது அற்புதம் போலவே இருக்கும்.

கோயிலா மருத்துவமனையா என்று யாரும் வழக்காட வேண்டியதில்லை. அம்மனுக்கு மாவிளக்கு போட வேண்டுதல் வைத்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறலாம். அவசரப் பிரிவில் நெற்றி நிறையத் திருநீறு இருந்தால் எந்தத் தாதியும் அழிக்கப்போவதில்லை. வாயில் மட்டும் எதையும் போடாதீர்கள். தீர்த்தமானாலும் திருநீறானாலும், அறுவை சிகிச்சை இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை வெறும் வயிறாக இருப்பதே நல்லது. ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரை, பொடி, லேகியம், ஜாமு எதுவானாலும் பொட்டலத்தோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். யார் திட்டினாலும் பரவாயில்லை. இதே வலி முன்பு எப்போது வந்தது, சிறுநீர் நிறம் மாறியதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். ‘கேஸ்ட்ரிக்’ என்று நீங்களே முடிவு கட்டி ஆறு மணி நேரம் காத்திருக்காதீர்கள். மலேசியாவில் அவசர அழைப்பு எண் 999.